பரமேஸ்வரா வளவு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



களனி ஆற்றைக் கடந்து கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போய் வருவது பேலியகொடையில் வாழும் எங்களுக்குப் பழகிய வழக்கம். 1857ஆம் ஆண்டில் பொன்னம்பல முதலியார் அமைத்த அவ்வாலயத்தை, அவருடைய புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் கருங்கற் கோயிலாக எடுப்பிக்கத் தொடங்கி, 1912இல் குடமுழுக்குச் செய்வித்தார். கோயில் கட்டிய அந்தக் கை அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. அது கட்டிய கல்விச்சாலை ஒன்றைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய அப்பெரியார், 1921இல் ஆண்பிள்ளைகளுக்கெனப் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடக்கினார். அதற்கு அவர் தெரிந்துகொண்ட இடம் யாழ்ப்பாணப் பட்டணத்தின் நடுவன்று. பட்டணத்தின் புறத்தே, தோட்டங்கள் சூழ்ந்த திருநெல்வேலி. சைவச் சூழலிலே ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கும் கல்லூரி; அதன் வளவிலே பரமேஸ்வரன் ஆலயம்.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். இராமநாதனின் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் பாடுபட்டவர். அம்முயற்சியின் பயனாகக் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே 1921ஆம் ஆண்டில்தான். தம்பியார் வேண்டிய பல்கலைக்கழகம் தலைநகரிலே முளைவிட்டது. தமையனார் அமைத்த பள்ளிக்கூடமும் ஒருநாள் பல்கலைக்கழகமாகும் என்று அன்று யார் அறிந்தார்!

இராமநாதன் 1930இல் சிவபதம் எய்தினார். அவருடைய மருகர் சு. நடேசபிள்ளை அவர்கள் அதிபராயிருந்து கல்லூரியைப் பேணி வளர்த்தார்கள். நாட்டில் தமிழ் மக்களுக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் வலுத்தது. திருகோணமலையிலா, யாழ்ப்பாணத்திலா என்ற வாதம் நீண்டகாலம் நடந்தது. ஈற்றில் 1974ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் இந்தப் பரமேஸ்வரா வளவிலே திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் அதன் முதல் தலைவரானார்கள். 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியது. 1979 சனவரி முதலாந் திகதி வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள்.

அன்பர்களே, இதை வளர்ச்சி என்று மட்டும் சொல்லிப் போய்விடலாகாது. பல்கலைக்கழகம் வந்தபோது அவ்வளவிலே கல்லூரி இல்லாமற் போனது. தாம் படித்த வகுப்பறையிலே வேறொரு ஸ்தாபனம் நடப்பதைக் கண்ட பழைய மாணவர்களுக்கு மனம் நொந்திருக்கும். அந்த நோவு நியாயமானதே. ஐம்பதாண்டுகளைக் கடந்து நின்று, தன் இடத்தையே கொடுத்துவிட்ட கல்லூரி அது. விதை தன்னை இழந்தே மரமாகிறது.

மரமும் புயலைக் காணாமலில்லை. 1987 அக்டோபரில் இந்தியப் படையினர் அவ்வளவின் மைதானத்திலே ஹெலிகொப்டரில் வந்திறங்கினர், சண்டை மூண்டது. 1995இல் ஊரே இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் வெறிச்சோடியது. மறு ஆண்டு திரும்பவும் விளக்கேற்றினார்கள். இன்று அதன் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சியில் இயங்குகின்றன. அதன் வவுனியா வளாகமாயிருந்தது 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஒரு வளவில் தொடங்கிய கல்வி இப்படிக் கிளைவிட்டிருக்கிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது சங்கத்தின் அறநெறி வகுப்புக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டுமென்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "நாம் சிலபேர், இன்று இங்கே இருப்போம், நாளை எங்கேயோ, நிலம் எதற்கு?" என்று பெரியோர் சிலர் தயங்குகிறார்கள். அத்தயக்கம் வீணான அச்சமன்று. வீட்டையும் கடையையும் விட்டு ஓடிய நாட்களை அவர்கள் கண்டவர்கள்; 1983ஐ மறக்க முடியாதவர்கள். அவர்களை மறுத்துப் பேச நமக்கு வாயில்லை. எனினும் பரமேஸ்வரா வளவை ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு பணிவோடு வேண்டுகிறோம். அங்கேயும் ஓடினார்கள், அங்கேயும் கதவு பூட்டப்பட்டது. திரும்பி வருவதற்கு ஓரிடம் இருந்தபடியால் திரும்பி வந்தார்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். இராமநாதனைப் போன்ற செல்வம் நம்மிடம் இல்லை. ஆனால், இடம் தேடுமுன் வகுப்பைத் தவறாமல் நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைகள் வந்தாலும் பாடம் நடக்கட்டும். பிள்ளைகள் நிறைந்தால் பெரியோரின் மனமும் இளகும். நிலம் வாங்கினால் அதிலே யாருடைய பெயரைப் பொறிப்பது என்று சண்டையிடாதீர்கள். நாளை அது நாம் நினையாத வேறொன்றாக மாறினால் மனமுவந்து விடுங்கள்.

இன்றைக்கும் பல்கலைக்கழகத்தின் அருகேயுள்ள சந்தியைப் பரமேஸ்வராச் சந்தி என்றே சனங்கள் அழைக்கிறார்கள். உள்ளே பரமேஸ்வரன் ஆலயத்தில் பூசை நடக்கிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அங்கே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கல்லூரி போனது; அதைத் தொடக்கியவரின் எண்ணம் போகவில்லை.

அத்தகைய எண்ணம் எம்மிடத்தும் நிலைக்க எல்லாம் வல்ல சிவபெருமான் அருள்வானாக.