அச்சம் நோயாகும்போது

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வரவு செலவும் கட்டட மராமத்தும் பேசும் இவ்வவையில், நம் வீடுகளில் பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒரு நோயைக் குறித்துப் பேச வாய்ப்பளித்த நிர்வாகக் குழுவினருக்கு நன்றி.

நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உடல் வியர்த்துக் கைகால்கள் நடுங்குகின்றன, விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. 'மவுத்து வந்துவிட்டது' என்றோ 'புத்தி பேதலிக்கிறது' என்றோ அவர் அஞ்சுகிறார். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, பிறகு அது தானே தணிகிறது. இதனையே மருத்துவர்கள் 'பானிக் அட்டாக்' என்கிறார்கள். தமிழில் பீதித் தாக்குதல் எனலாம்.

இது ஏன் வருகிறது? ஆபத்தைக் கண்டால் எதிர்க்கவோ ஓடவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஓர் ஏற்பாட்டை இறைவன் நமக்குள் வைத்திருக்கிறான். மூளை எச்சரிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயமும் மூச்சும் விரைகின்றன. தீப்பெட்டித் தொழிலில் ஊறிய கோவில்பட்டி மக்களுக்கு அபாயச் சங்கு எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தீயே இல்லாத வேளையில் அச்சங்கு ஒலிப்பது போன்றதே பீதித் தாக்குதல். தீ இல்லை, ஆனால் சங்கொலி மெய்யானது. ஆகவே துன்பப்படுபவர் நடிக்கிறார் என்று எவரும் கருதலாகாது.

மிகையாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலைசுற்றலும் விரல் மரப்பும் அதனால் விளைபவை. அவற்றை மரணத்தின் அறிகுறியாக எண்ணி மேலும் அஞ்சும்போது மூச்சு மேலும் விரைகிறது. அச்சமே அச்சத்தை வளர்க்கும் சுழல் இது.

சிலருக்குக் குடும்ப வழியாகவே இந்நோய்க்கான இயல்பு அமைந்துவிடுகிறது. உற்றாரின் இறப்பு, கடன், பிரிவு, மகப்பேற்றுக்குப் பிந்தைய காலம் ஆகியன அதனைத் தூண்டக்கூடும். மழை பொய்த்த கரிசல் நிலத்தை நம்பியிருப்பவருக்கும், கணவர் அரபு நாட்டில் இருக்க வீட்டுச் சுமை முழுவதையும் தனியே தாங்கும் பெண்ணுக்கும் இது வந்தால் வியப்பில்லை. அளவுக்கு மிஞ்சிய காப்பி, புகைபிடித்தல் ஆகியனவும் காரணமாகலாம். தைராய்டு மிகையாகச் சுரப்பதும் இதே அறிகுறிகளைத் தரும். எனவே முதன்முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வரும்போது 'வெறும் பயம்தான்' என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, ஈ.சி.ஜி. எடுத்து, இதயநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒருமுறை வந்த தாக்குதல் மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சம் அதனினும் கொடியது. பேருந்தில் ஏற மாட்டார். சந்தைக்குப் போக மாட்டார். நெருக்கமான ஸஃப்பில் நின்றால் வெளியேற முடியாதே என்றஞ்சி ஜும்ஆவுக்கு வருவதையும் நிறுத்திவிடுவார். 'ஈமான் குறைந்துவிட்டது' என்று ஊர் பேசும். அவரோ வெட்கத்தால் உண்மையைச் சொல்ல மாட்டார். பள்ளிக்கு வராதவரைக் குறை சொல்லுமுன் நலம் விசாரியுங்கள். வாசலருகே, கடைசி ஸஃப்பில் அவருக்கு இடம் கொடுங்கள்.

ஜின் தீண்டிற்று என்று தாயத்துக்கும் ஓதிப் பார்ப்பதற்கும் மட்டும் அலைவோர் உளர். துஆ மனத்துக்கு ஆறுதல் தரும். அதனை எவரும் தடுக்கவில்லை. மருத்துவத்தைக் கைவிடுவதே தவறு. 934ஆம் ஆண்டில் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் பேணுவது குறித்து நூலெழுதி, அச்சத்தையும் அதில் ஆராய்ந்தார். அத்தகைய மரபுக்குரிய நாம் மனநோயை மறைக்கலாமா?

மறைத்ததன் விளைவை நம் அண்டை மாவட்டத்திலேயே கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களுடைய நோய்கள் வேறு. ஆயினும் வெட்கப்பட்டு ஒதுக்கும் மனப்பான்மை ஒன்றே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. எனினும் 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வு, பல்வேறு மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று கூறிற்று.

பீதித் தாக்குதல் குணமாகக்கூடியது. வந்த வேளையில் உட்கார்ந்து, மூக்கால் மெல்ல மூச்சிழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிட வேண்டும். 'இது தணிந்துவிடும்' என்று அருகிலிருப்போர் அமைதியாகச் சொல்ல வேண்டும். கூட்டம் கூடக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரை நாடுங்கள். அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும், சில வாரங்களில் பலன் தரும் மருந்துகளும் உண்டு. கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்குவது அடிமைப்படுத்திவிடும். ரமலானில் நோன்புக்காக மருந்தைத் தாமே நிறுத்தாமல், வேளையை மாற்றுவது பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். இவ்வெண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை நோய்க்கு மருந்துண்பதைச் சொல்ல நாம் கூசுவதில்லை. இந்நோயையும் அவ்வாறே சொல்லும் நிலை நம் மஹல்லாவில் உருவாக வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.