பெருமைப்பட அவர்களுக்கும் ஒரு நாடு



சுதந்திர தினமான பெப்ரவரி 4ஆம் திகதி மட்டக்களப்பில் நமது நாவற்குடாவிலும் தேசியக் கொடி ஏறுகிறது. கொடியிலே செம்மஞ்சள் பட்டி தமிழருக்கு, பச்சைப் பட்டி முஸ்லிம்களுக்கு என்று பள்ளிக்கூடத்திலே படித்தோம். பட்டி தந்தது போதுமா, சரிநிகர் வாழ்வு எங்கே என்ற நமது கேள்வி இன்னும் தீரவில்லை. இப்படிக் கேட்டுப் பழகிய சனத்துக்கு, அதே கொடியின் கீழே குற்றவாளிப் பட்டத்தோடு வாழ்கிற ஒருபாலீர்ப்புள்ளவர்களின் நிலை கட்டாயம் விளங்கும் என்ற நம்பிக்கையோடுதான் இன்று பேசுகிறேன்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளைக்காரன் 1883இல் எழுதி வைத்தது. அதன் 365, 365ஏ பிரிவுகள்தான் இவர்களின் அன்பைக் குற்றமாக்குகின்றன. இங்கிலாந்து தன் மண்ணிலே இந்தக் குற்றத்தை 1967இலேயே பெரும்பாலும் நீக்கிவிட்டது. நாமோ 1995இல் சட்டத்தைத் திருத்தப் போய், ஆண்களோடு பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டோம். சுதந்திரம் பெற்ற நாடு அந்நியனின் சட்டத்தை அவனைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

“ஒருபாலீர்ப்பு, திருநங்கை, இதெல்லாம் நம்மட பண்பாட்டிலே இல்லாதது” என்று சொல்வோர் உண்டு. அவர்களைக் கூத்துக் களரிக்கு அழைக்கிறேன். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலே பெண் பாத்திரங்களை வழிவழியாக ஆடி வந்தவர்கள் ஆண்கள். சேலை கட்டி, காலிலே சதங்கையோடு, மத்தளத்துக்கு அடியெடுத்து வருகிற திரௌபதையின் துயரத்துக்கு, அவர் இன்னார் மகன் என்று தெரிந்த தாய்மாரே கண்ணீர் விட்டார்கள். வேஷம் கட்டியவர்கள் எல்லாரும் திருநங்கையர் என்று நான் சொல்ல வரவில்லை. விடிந்ததும் வயலுக்கும் தோணிக்கும் போன குடும்பத்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஆணின் உடம்பிலே பெண்ணின் சாயலைக் கண்டு மதிக்கிற கண் இந்த ஊருக்கு இருந்தது. பஸ் தரிப்பிடத்திலே ஒரு திருநங்கை நிற்கும்போது அந்தக் கண் எங்கே போய்விடுகிறது? பெடியன்மார் கூக்காட்டுகிறார்கள், பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இது நமக்கு அழகில்லை.

யுத்த காலத்திலே சோதனைச் சாவடிகளில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கையிலே அடையாள அட்டை. எதிரே நிற்பவர் அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், திரும்ப அட்டையைப் பார்ப்பார். வயிறு கலங்கும். அட்டையிலே ஆண் பெயரும் ஆளிலே பெண் தோற்றமுமாக இருக்கிறவருக்கு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அதே கலக்கம்தான். இதற்கு 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒரு வழி திறந்தது. மனநல வைத்தியரின் மதிப்பீட்டோடு பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். இந்த நாடு உண்மையாகப் பெருமைப்படத்தக்க காரியம் இது. இந்த வழி நம் கிராமங்களில் இன்னும் பரவலாகத் தெரியவேண்டும்.

பெருமைப்பட வேறு காரியங்களும் உண்டு. இவர்களின் உரிமைக்காக ரொசானா பிளேமர்-கல்தேரா 2004இல் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து கொழும்பிலே வானவிற் பெருமை விழா நடந்து வருகிறது. அவர் தொடுத்த முறைப்பாட்டின் மீது, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் இலங்கையின் சட்டம் உரிமை மீறல் என்று முடிவு சொன்னது. அதன் பின்னர், அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த சட்டத்தை மாற்றத் தனிநபர் சட்டமூலம் ஒன்றை முன்வைத்தார். நாட்டின் பாதுகாப்புக்கே கேடு என்றெல்லாம் சிலர் வழக்குப் போட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம், சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரண பெரும்பான்மையே போதும் என்று தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறுமுன்னே, 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

ஆக, நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது. கை உயர்த்த வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள். நேயர்களே, அவர்கள் அடுத்த முறை உங்கள் ஊருக்கு வரும்போது வீதியையும் தண்ணீரையும் கேட்பதோடு, 365ஐயும் 365ஏயையும் எப்போது மாற்றுவீர்கள் என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று இப்படி என்று உங்களிடம் வந்து சொன்னால், அடிக்காதீர்கள், ஊரை விட்டுத் துரத்தாதீர்கள். சோறு போட்டு, பக்கத்திலே இருத்திக் கதையுங்கள்.