பின்னால் நிற்பவர் சொல்லட்டும்



2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார்கள் சில இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றின் பழைய பிளாஷரில் மின்சாரம் பாய்ந்ததும் உலோகத் தகடு சூடாகி வளையும்; ஆறியதும் நிமிரும். அதனால்தான் இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிகிறது. ஒரு பல்பு போய்விட்டால் மின்னோட்டம் குறைந்து, அந்த 'டிக் டிக்' தாளம் மாறிவிடும். நம் மனச்சான்றும் அப்படித்தான். ஏதோ சரியில்லை என்று உணர்த்தும்.

ஆனால் பின்விளக்கு எரிகிறதா என்பது ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். புதுப் பல்பு போட்டும் மங்கலாக எரிந்தால், பெரும்பாலும் எர்த் கம்பி சேரும் இடத்தில் துரு இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். யாரும் சொல்லாமல் விட்டால், பின்னால் வரும் பைக்காரர் அடிபடுவார்.

தவறு செய்த சகோதரரிடம் தனியே போய் எடுத்துச் சொல்லுமாறு மத்தேயு 18:15இல் ஆண்டவர் நம்மைக் கேட்கிறார். நடுச்சந்தியில் கூச்சலிடாமல், ஓரமாக நிறுத்திச் சொல்வோம். நம் குறையை வீட்டிலோ பங்கிலோ ஒருவர் சொல்லும்போது, கோபப்படாமல் கேட்போம். நமக்குத் தெரியாத நம் பின்விளக்கு அவருக்குத் தெரிகிறது.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.