தாயக் கட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர், தாய விளையாட்டுக்கென எதனையும் சுமந்து வரவேண்டியதில்லை. கட்டம் கீறக் கரித்துண்டும், ஒருபுறம் வெளுக்கத் தேய்த்த புளியங்கொட்டைகளுமே போதும்.

லயத்து இஸ்தோப்பில் புதிதாக ஆட அமரும் சிறுவனுக்கு எவரும் விதிகளை முன்கூட்டி ஓதுவதில்லை. தாயம், அதாவது ஒன்று, விழும்வரை காய் இறங்காது. இதில் அவனுக்கும் பாட்டிக்கும் வேற்றுமையில்லை. இறங்கிய பின்னரே எக்காயை நகர்த்துவது என்னும் சிந்தனை பிறக்கின்றது.

எதிர்க்காய் ஒன்றையேனும் வெட்டாதவர் உட்கட்டம் புகலாகாது என்பது பலரும் ஆடும் முறை. கடுமையான விதிதான்! பேரனின் காயை வெட்டப் பாட்டி தயங்குவாள். வெட்டாவிடில் அவளுக்கும் வழியில்லை. வெட்டுண்டவன் மீண்டும் தாயத்துக்குக் காத்திருக்கிறான். நடுவீட்டில் காய் பழமாவதற்கும் சரியான எண்ணே விழவேண்டும். எஞ்சிய கட்டங்களை அவனுக்கு எண்ணிக் காட்டுபவளும் அப்பாட்டியே.