பூச்சி பிடித்த பையன்



நான் வீடியோ கேம் துறையில் இருப்பவன். "பொழுதுபோக்கு சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பது நியாயம்தான். ஜப்பான்காரர் சதோஷி தஜிரிக்குச் சின்ன வயதில் பூச்சி பிடிப்பதுதான் உலகம். ஊரில் கட்டடங்கள் பெருகின, பூச்சிகள் போயின. 1983-ல் கேம்களைப் பற்றிக் கையால் எழுதி ஒரு பத்திரிகை நடத்தினார். 1989-ல் அதுவே கம்பெனி ஆச்சு. நகரத்துப் பிள்ளைகளும் அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கணும் என்று ஆறு வருஷம் உழைத்தார். சம்பளம்கூட எடுக்கவில்லை, அப்பாதான் தாங்கினார். 1996-ல் போக்கிமான் வந்தது.

தம்பிகளா, வேலை கிடைத்ததும் பொழுதுபோக்கை மூட்டை கட்டிடாதீங்க. லட்சியத்துக்கு விதை அதில்தான் இருக்கு. முளைக்க நாளாகும். பெற்றோர்களே, அதுவரை கொஞ்சம் தண்ணி ஊத்துங்க!