அழித்தெழுதும் வட்டு



திரைப்படத் தொகுப்பாளர்கள் படச்சுருளைக் கத்தரித்து ஒட்டிய காலம் ஒன்று உண்டு. 1999-ஆம் ஆண்டில் ஜப்பானில் பயனீர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த டிவிடி பதிவுக் கருவி, கத்தரிக்கோல் வேண்டாத வழியை இல்லங்களுக்குக் காட்டிற்று. அதில் இட்ட வட்டு டிவிடி-ஆர்டபிள்யூ எனப்படும். எழுதியதை அழித்து, ஏறத்தாழ 1,000 முறை அதில் மீண்டும் எழுதலாம்.

இஃது எவ்வாறு இயலுகிறது? வட்டினுள் மெல்லிய கலவைப் படலம் ஒன்று உண்டு. லேசர் ஒளி கடுமையாகச் சுட்டால் அவ்விடம் உருகி, விரைந்து குளிர்ந்து மங்கலாகும். மிதமாகச் சுட்டால் மீண்டும் படிகமாகிப் பளபளக்கும். இவ்விரு நிலைகளாலேயே காட்சி பதிவாகிறது.

இனித் தொகுப்பைப் பார்ப்போம். 'விஆர்' என்னும் பதிவு முறையில் மூலப் பதிவு ஒன்று. காட்சி வரிசையைக் குறிக்கும் பட்டியல் மற்றொன்று. குடும்ப விழாவொன்றின் இறுதிக் காட்சியை முதலில் வைக்கலாம், வேண்டாததை விலக்கலாம். பட்டியலே மாறும், மூலம் மாறாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வட்டில் இடம் போதவில்லையென்று மூலத்தை அழித்தால், பட்டியலில் சேர்த்த காட்சியும் உடன் மறையும். ஏடு போனபின் பொருளடக்கத்தால் பயன் என்ன? மறைந்த பாட்டியின் குரல் அத்தகைய வட்டில் இருக்குமாயின், முதலில் படியொன்று எடுத்து வையுங்கள், பிறகு தொகுங்கள். அக்குரலை மறுமுறை பதிவு செய்ய எக்கருவியாலும் இயலாது.