"நம் வீட்டுப் பிள்ளை" என்றால் கூலி கேட்கக் கூடாதா?

திருவொற்றியூரில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு



கேரம் பலகை இல்லாத தெரு வடசென்னையில் உண்டா? ராயபுரத்தில், தண்டையார்பேட்டையில், வேலை முடிந்து வந்தவன் பவுடரைத் தூவி, விளக்கைக் கட்டி, நடுராத்திரி வரை ஆடுகிறான். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார். பேட்டையே கொண்டாடியது.

ஆடுகிறவரை நமக்குத் தெரியும். ஆட்டத்தைத் தயாரித்து விற்கும் இடத்தில் உழைக்கிறவரைப் பற்றி எப்போதாவது கேட்டிருக்கிறோமா? அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரை அடுத்த ரெட்மண்டில் ஒரு கம்பெனி. பெயர் பைசோ. நம் பைசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! 'பாத்ஃபைண்டர்' என்ற மேஜை விளையாட்டுக்கான புத்தகங்களை வெளியிடுகிறார்கள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். பாதி தெருக்கூத்து, பாதி தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு வயது முதல் இந்த ஆட்டத்தில் மோகம் கொண்டவர்கள்தான் அங்கே வேலைக்கு வருகிறார்கள். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "இஷ்டப்பட்ட வேலை கிடைத்திருக்கிறது, சம்பளத்தைப் பற்றிப் பேசலாமா? நாமெல்லாம் ஒரே குடும்பம்!" இதுதான் அந்தத் தொழில் முழுவதிலும் கேட்கிற பாட்டு. கிராமத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிதல்ல. கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்டால் பண்ணையார் என்ன சொல்வார்? "நீ நம் வீட்டுப் பிள்ளையடா!" என்பார். பிள்ளைக்குப் பாகத்தில் பங்கு உண்டா என்று கேட்டால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

2021 செப்டம்பரில் பைசோவின் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து இருவர் வெளியேறினார்கள். அதையொட்டி, முன்பு அங்கே வேலை பார்த்தவர்கள் நிர்வாகம் நடத்திய விதத்தைப் பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார்கள். விலைவாசி ஏறிய அந்தப் பகுதியில் காலம் தள்ள முடியாத சம்பளம், கெடு வைத்து ஆளைப் பிழிந்தெடுக்கும் வேலை எனத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளை எடுத்து வைத்தார்கள். அக்டோபர் 14 அன்று சங்கம் அமைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். எழுத்து வேலை செய்பவரும், கிடங்கில் பெட்டி கட்டுபவரும் ஒரே சங்கத்தில்! மேஜையாட்டப் புத்தகத் தொழிலில் இத்தகைய சங்கம் அமெரிக்காவில் அதுவே முதல்.

நூறு வருஷத்துக்கு முந்திய நம் பெரம்பூரை நினைத்துப் பாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பின்னி ஆலைத் தொழிலாளியின் குறை என்ன? சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய சாப்பாட்டு நேரம், வெள்ளைக்கார மேலதிகாரிகளின் ஏச்சு, அடி. வாடியாவும் திரு.வி.க.வும் அந்தக் குறைகளைத்தான் மேடையேற்றினார்கள். நாலு கவளம் நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்பதில் தொடங்கியது இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்.

பைசோ கதைக்கு வருகிறேன். முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்தக் கம்பெனிக்கு இத்தனை சொல்லுக்கு இவ்வளவு கூலி என்று வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் பாஷையில் பீஸ்ரேட் ஆட்கள். அமெரிக்கச் சட்டப்படி அவர்கள் இந்தச் சங்கத்தில் சேரவே முடியாது. சங்கம் ஜெயித்தால் அவர்களுக்குச் சல்லிக்காசு லாபமில்லை. அப்படியிருந்தும் சுமார் நாற்பது பேர் பேனாவைக் கீழே வைத்தார்கள். "சங்கத்தை அங்கீகரி, அதுவரை ஒரு வரி எழுத மாட்டோம்!" என்றார்கள். புத்தகம் வராமல் எதை விற்பது? அக்டோபர் 21 அன்று நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. ஏழே நாள்! ஆனால் முதல் ஒப்பந்தம் கைக்கு வர 2023 ஆகிவிட்டது. அங்கீகாரம் வேறு, ஒப்பந்தம் வேறு. சுங்குவார்சத்திரத்தில் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சாம்சங் தொழிலாளர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

விளையாட்டுச் சாமான் விற்பவன் சாதுவாக இருப்பான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே தொழிலின் ராட்சசக் கம்பெனி ஹாஸ்ப்ரோ 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இன்னும் 1,100 பேரை ஆட்குறைப்புச் செய்யப்போவதாக அறிவித்தது. அதே வருஷம் ஏப்ரலில், வெளியீட்டுத் தேதிக்கு முன்பே கைமாறிவிட்ட சீட்டுக்கட்டுகளைத் திரும்ப வாங்க, அதன் கிளைக் கம்பெனி ஒருவர் வீட்டு வாசலுக்கு ஆட்களை அனுப்பியது. யாரை? பிங்கர்ட்டன் ஆட்களை! 1892-ல் ஹோம்ஸ்டெட் இரும்பாலைத் தொழிலாளர்களைச் சுட்ட அதே பிங்கர்ட்டன்!

எண்ணூரிலும் மணலியிலும் நம் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளி இருக்கிறான். அவன் எந்த ஊர், எத்தனை ரூபாய் கைக்கு வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அங்கே வெளியாட்கள் உள்ளே இருப்பவர்களுக்காகப் பேனாவைக் கீழே வைத்தார்கள். இங்கே உள்ளே இருக்கும் நாம் அவனுக்காக இதுவரை எதைக் கீழே வைத்தோம்?

மணியாகிறது. இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் இன்றைக்கே அவர்களுடன் உட்கார்ந்து சாப்பிட்டு, பெயரும் கூலியும் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை வைத்துப் பேசுவோம்.